மீட்டர் டேப்பை வைத்துத் தள்ளாட்டத்தை அளக்க முடியுமா?

காலை பத்து மணிக்கு பஸ் ஸ்டாண்டில் ஒரு ஆள் தள்ளாடியபடி நடந்து வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கால்களை அகட்டி அகட்டி வைக்கிறார். ஒரு அடி நேராக விழுகிறது, அடுத்த அடி பக்கவாட்டில் போகிறது. தூணைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்கிறார். பேச்சும் இழுக்கிறது. டீக்கடையில் நிற்கும் நாலு பேரும் ஒரே தீர்ப்பைத்தான் சொல்வார்கள். "காலங்காத்தாலயே ஏத்திட்டு வந்துட்டான் பாரு!"

அந்த நாலு பேரை மன்னித்துவிடலாம். மல்டிபிள் ஸ்க்ளெரோசிஸ் என்ற பெயரையே அவர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். மன்னிக்க முடியாதவர்கள் வேறு சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பெயர் தெரியும். மெடிக்கல் ரிப்போர்ட் மேசை மேலேயே இருக்கும். அதை வைத்துக்கொண்டு, அதே ஆளைப் பார்த்து, "இவர் எத்தனை மீட்டர் நடக்கிறார்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்பார்கள். வருகிற நம்பரை வைத்து உதவித்தொகை உண்டா, வண்டி உண்டா என்று முடிவு கட்டுவார்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்கு எதிரானது.

முதலில் விஷயம் என்னவென்று பார்த்துவிடலாம். மூளையிலும் தண்டுவடத்திலும் இருக்கும் நரம்பு இழைகளைச் சுற்றி மயலின் என்று ஒரு கொழுப்பு உறை உண்டு. கரண்ட் ஒயருக்கு மேலே இருக்கும் பிளாஸ்டிக் மாதிரி. இந்த நோயில் உடம்பின் எதிர்ப்பு சக்தியே அந்த உறையைத் தாக்குகிறது. உறை போன இடத்தில் செய்தி தாமதமாகப் போகும், பாதியில் நிற்கும், சில சமயம் போகவே போகாது. 1868-ல் பாரிஸில் ழான் மார்ட்டின் ஷார்கோ இதை ஒரு தனி நோயாக விவரித்தார். அவர் முக்கியமாகக் குறிப்பிட்ட மூன்று அடையாளங்கள்: கண்மணி தானாக ஆடுவது, ஒரு பொருளை எடுக்கக் கை நீட்டும்போது கை நடுங்குவது, பேச்சு துண்டு துண்டாக வருவது. மூன்றையும் பாருங்கள். ஒன்றுகூட "பலம் இல்லை" என்பது அல்ல. மூன்றுமே ஒருங்கிணைப்பு சம்பந்தப்பட்டவை. நூற்றைம்பது வருடத்துக்கு முன்பே சொல்லிவிட்ட சங்கதி இது.

உலகம் முழுக்க 28 லட்சம் பேருக்கு மேல் இந்த நோயோடு வாழ்கிறார்கள். பெண்கள் ஆண்களைப் போல இரண்டு மடங்குக்குக் குறையாது. பெரும்பாலும் 20-லிருந்து 50 வயதுக்குள் தெரிய வருகிறது. அதாவது படித்து முடித்து, வேலை தேடி, குடும்பம் என்று ஆகிற வயது.

நிற்பதும் நடப்பதும் சும்மா நடக்கிற காரியம் இல்லை. மூன்று இடத்திலிருந்து மூளைக்குத் தகவல் வந்துகொண்டே இருக்க வேண்டும். கண் ஒன்று. உள்காதில் இருக்கும் சமநிலைக் கருவி ஒன்று. மூன்றாவதைத்தான் யாரும் நினைப்பதே இல்லை. பாதம் தரையில் எப்படி இருக்கிறது, முழங்கால் எவ்வளவு மடங்கியிருக்கிறது என்று தசையும் மூட்டும் தண்டுவடம் வழியாக அனுப்பும் செய்தி அது. மூன்றையும் கூட்டிக் கழித்து, எந்தத் தசை எப்போது எவ்வளவு இழுக்க வேண்டும் என்று சரிபார்ப்பது சிறுமூளை. (சாராயமும் இதே சிறுமூளையில்தான் கை வைக்கிறது. அதனால்தான் இரண்டு தள்ளாட்டமும் ஒரே மாதிரி இருக்கின்றன. டீக்கடைத் தீர்ப்பில் அவ்வளவு உண்மை உண்டு.)

மல்டிபிள் ஸ்க்ளெரோசிஸ் இந்த மூன்று வழியில் எதை வேண்டுமானாலும் அறுக்கலாம், சிறுமூளையையும் தாக்கலாம். தண்டுவட வழி போய்விட்டால் கண் அந்த வேலையையும் சேர்த்துச் செய்யும். அதனால்தான் டாக்டர் கால்களைச் சேர்த்து வைத்து நிற்கச் சொல்லி, பிறகு கண்ணை மூடச் சொல்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மன் டாக்டர் ரோம்பெர்க் பெயரில் இருக்கும் பரிசோதனை அது. கண் திறந்திருக்கும்வரை சிலை மாதிரி நிற்கிறவர், மூடியதும் சாய்வார். வீட்டில் இதற்கு டாக்டர் தேவையில்லை. முகத்துக்கு சோப்புப் போட்டுவிட்டு வாஷ்பேசின் முன்னால் கண்ணை மூடினால் போதும். இரவில் கரண்ட் போனாலும் போதும்.

ஜாக்குலின் டு ப்ரே கதை இந்த இடத்தில் பொருந்தும். இங்கிலாந்தின் மிகப் பெரிய செல்லோ கலைஞர். 1973 பிப்ரவரியில் நியூயார்க்கில் பெர்ன்ஸ்டைன் நடத்திய இசைக்குழுவோடு ப்ராம்ஸின் இரட்டைக் கச்சேரியை வாசிக்கிறார். வயது 28. விரலில் உணர்ச்சி குறைந்துவிட்டது. வில்லின் எடை எவ்வளவு என்று கைக்குப் புரியவில்லை. விரல் தந்தியில் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்துப் பார்த்து வாசித்தார். நான்கு கச்சேரியில் மூன்றை முடித்தார், நான்காவதற்கு வரவில்லை. அந்த வருடம் அக்டோபரில்தான் நோய் என்னவென்று தெரிந்தது. பிறகு அவர் மேடையில் வாசிக்கவே இல்லை, 1987-ல் 42 வயதில் இறந்துபோனார். 1973 பிப்ரவரியில் அவரை ஆஸ்பத்திரி வராண்டாவில் நடக்கவிட்டு டேப் வைத்து அளந்திருந்தால் என்ன நம்பர் வந்திருக்கும்?

இப்போது அந்த டேப்புக்கு வருவோம்.

இந்த நோயின் தீவிரத்தைச் சொல்ல டாக்டர்கள் உலகம் முழுவதும் பயன்படுத்தும் அளவுகோலை அமெரிக்க நரம்பியல் டாக்டர் ஜான் கர்ட்ஸ்கி உருவாக்கினார். 1955-ல் முதல் வடிவம், 1983-ல் விரித்து எழுதிய வடிவம். பூஜ்யத்திலிருந்து பத்து வரை, அரை அரைப் புள்ளியாக ஏறும். பூஜ்யம் என்றால் ஒன்றுமில்லை, பத்து என்றால் நோயால் மரணம். நாலுக்குக் கீழே சிறுமூளை, கண், உணர்ச்சி என்று பல பிரிவுகளைச் சோதித்துத்தான் மதிப்பெண் போடுகிறார்கள். நியாயம். நாலைத் தொட்டதும் டேப் வெளியே வந்துவிடுகிறது. உதவியில்லாமல் 500 மீட்டர் நடந்தால் 4. 300 என்றால் 4.5. 200 என்றால் 5. 100 என்றால் 5.5. ஒரு கைத்தடியோடு 100 மீட்டர் என்றால் 6. இரண்டு பக்கமும் பிடிமானத்தோடு 20 மீட்டர் என்றால் 6.5.

கர்ட்ஸ்கியைக் குறை சொல்ல வேண்டியதில்லை. நோய் எப்படிப் போகிறது என்று ஒரு டாக்டர் இன்னொரு டாக்டருக்குச் சொல்ல அவர் ஒரு சுருக்கெழுத்தைச் செய்து கொடுத்தார். ஆனால் தூரத்தை எண்ணுகிற அந்தப் பழக்கம் ஆஸ்பத்திரியோடு நிற்கவில்லை. அரசாங்க ஆபீசுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இது உடனே புரியும். ஒரு கம்பெனியின் கரண்ட் ரேஷியோ ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு "நல்ல கம்பெனி" என்று எழுதினால் முதல் வருட மாணவனுக்கே மார்க் கிடைக்காது. பேலன்ஸ் ஷீட் என்பது மார்ச் 31 அன்று எடுத்த போட்டோ, வருடம் முழுக்க என்ன நடந்தது என்பது அதில் இல்லை என்று வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். காசு விஷயத்தில் இவ்வளவு ஜாக்கிரதை. மனுஷன் நடக்கிற விஷயத்தில் ஒரே ஒரு ரேஷியோ, ஒரே ஒரு நாள்!

பிரிட்டனில் நடந்ததைப் பாருங்கள். முன்பு அங்கே இருந்த ஊனமுற்றோர் உதவித்தொகையில் உயர்ந்த தொகைக்கு 50 மீட்டர் என்பது நடைமுறையில் எல்லையாகப் பார்க்கப்பட்டது. 2013 ஏப்ரலில் பிஐபி என்ற புதுத் திட்டம் வந்தது. எல்லை 20 மீட்டர் ஆனது. இருபது மீட்டருக்கு மேல் நகர முடியாதவருக்கு 12 புள்ளி, உயர்ந்த தொகை. இருபதைத் தாண்டி ஐம்பதுக்குள் நடப்பவருக்குத் துணைக்கருவி இல்லாமல் என்றால் 8, கருவியோடு என்றால் 10. வேறு புள்ளி எதுவும் சேராவிட்டால் சாதாரணத் தொகைதான். உயர்ந்த தொகை இல்லையென்றால், அந்தத் தொகையைக் கட்டி வாடகைக்கு எடுக்கும் காரும் இல்லை. கார் போனால் வேலைக்குப் போக வழி இல்லை. இருபதாவது மீட்டருக்கும் இருபத்தொன்றாவது மீட்டருக்கும் நடுவில் ஒரு மனிதரின் வேலை நிற்கிறது. மறு மதிப்பீட்டில் எத்தனையோ பேர் காரைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

இருபது மீட்டர் எவ்வளவு தூரம்? கிரிக்கெட் பிட்ச்சின் நீளம் இருபது மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. கிட்டத்தட்ட நான்-ஸ்ட்ரைக்கர் ஒரு ரன் ஓடி முடிக்கிற தூரம். அதைச் சுவர் பிடித்துக் கடந்தால் "நடக்க முடிகிறவர்" ஆகிவிடுகிறார்.

அரசாங்கம் சும்மா இருந்துவிடவில்லை, கருத்தும் கேட்டது. 2013-ல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பதில்கள் போயின. மிகப் பெரும்பாலானவை இருபது மீட்டர் வேண்டாம் என்றன. அதே அக்டோபரில் இருபது மீட்டரே தொடரும் என்று அறிவித்தார்கள். கருத்துக் கேட்பது என்றால் என்ன அர்த்தம் என்று அகராதியில்தான் தேட வேண்டும்.

இதற்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் சொல்லும் வாதம் ஒன்று உண்டு, அதைத் தள்ளிவிட முடியாது. பொதுப் பணத்தைக் கொடுக்க ஒரு கோடு வேண்டாமா? தள்ளாட்டம் என்பது ஒருவர் சொல்லி ஒருவர் கேட்பது. தூரம் எல்லோருக்கும் ஒன்று. ஏமாற்ற முடியாது. இப்படிச் சொல்கிறார்கள்.

கோடு வேண்டும்தான். ஆனால் தூரம் ஏமாற்ற முடியாதது என்பது சுத்தப் பொய். இருபத்தைந்து மீட்டரை ஒரு தடவை பல்லைக் கடித்துக்கொண்டு நடந்துவிட்டு, மீதி நாள் முழுக்கப் படுக்கையில் கிடப்பவரை அந்த டேப் ஏமாற்றுகிறது. இங்கே ஏமாறுவது அரசாங்கம் இல்லை, அந்த மனிதர். அதோடு, தள்ளாட்டத்துக்கு அளவுகோலே இல்லை என்பதும் பொய். 1989-லேயே கனடாவில் பெர்க் என்பவர் சமநிலைக்கு ஒரு சோதனை வகுத்துவிட்டார். பதினான்கு சின்னச் சின்ன வேலைகள், மொத்தம் 56 மதிப்பெண். உட்கார்ந்து எழுவது, கண்ணை மூடி நிற்பது, தரையிலிருந்து பொருளை எடுப்பது, ஒரே சுற்றாகத் திரும்புவது, ஒற்றைக் காலில் நிற்பது. 1991-லிருந்து இன்னொரு சோதனை இருக்கிறது. நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி, வந்து உட்கார வேண்டும். அதற்கு ஆகும் நேரத்தைக் கணக்கிடுவார்கள். செலவு ஒரு நாற்காலி, ஒரு கடிகாரம். 2003-ல் இந்த நோய்க்கென்றே பன்னிரண்டு கேள்விகள் கொண்ட படிவமும் வந்துவிட்டது. வீட்டுக்குள் மேசையைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியிருக்கிறதா, நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் கவனம் வைக்க வேண்டியிருக்கிறதா என்றெல்லாம் அதில் கேட்கிறார்கள். யோசித்துக் கேட்ட கேள்விகள்.

அந்தக் கடைசிக் கேள்வி முக்கியமானது. ஆரோக்கியமான ஆள் போனில் பேசிக்கொண்டே தெருவைக் கடக்கிறார். இந்த நோய் உள்ளவருக்கு நடை தானாக நடப்பதில்லை, ஒவ்வொரு அடியையும் யோசித்து வைக்க வேண்டும். நடுவில் யாராவது கூப்பிட்டால் கால் தடுமாறும். மதிப்பிடும் அறையில் யாரும் கூப்பிட மாட்டார்கள். தரை வழவழப்பாக, நேராக, காலியாக இருக்கும். பையில் அரிசி இருக்காது, இடுப்பில் குழந்தை இருக்காது. ஆஸ்திரேலியா, ஸ்வீடன், பிரிட்டன், அமெரிக்கா நாலு நாட்டுத் தகவலைச் சேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வில் இருந்த 537 நோயாளிகளில் பாதிக்கு மேல் மூன்று மாதத்துக்குள் ஒரு தடவையாவது விழுந்திருந்தார்கள். கடைசி மூன்று மாதத்தில் எத்தனை தடவை விழுந்தீர்கள் என்று கேட்பதற்கு டேப்பும் வேண்டாம், கடிகாரமும் வேண்டாம்.

பிரிட்டன் விதியிலேயே ஒரு நல்ல வரி ஒளிந்திருக்கிறது என்பதுதான் வேடிக்கை. அந்த தூரத்தைப் பாதுகாப்பாக, ஏற்கத்தக்க விதத்தில், திரும்பத் திரும்ப, நியாயமான நேரத்துக்குள் நடக்க முடிந்தால்தான் கணக்கில் எடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நியாயமான நேரம் என்றால் ஆரோக்கியமான ஆள் எடுக்கும் அதிகபட்ச நேரத்தைப் போல இரண்டு மடங்குக்குள். 2017-ல் அங்குள்ள மேல் தீர்ப்பாயம் இன்னொன்றும் சொன்னது. பாதுகாப்பு என்பதை ஆபத்து நடக்கிற வாய்ப்பை மட்டும் வைத்துப் பார்க்கக் கூடாது, நடந்தால் எவ்வளவு மோசமாக இருக்கும் என்பதையும் பார்க்க வேண்டும் என்றது. பத்து தடவை நடந்து ஒரு தடவை ரோட்டில் விழுந்தாலும் அந்த ஒரு தடவை லாரி வந்தால்? சட்டப் புத்தகத்தில் இவ்வளவு அறிவு இருக்கிறது. ஆனாலும் ஃபாரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது மீட்டர்தான். படிப்பவர் கண்ணும் அங்கேதான் போகும்.

மருந்துக் கதை இன்னும் நன்றாக இருக்கும். 2010 ஜனவரியில் அமெரிக்காவில் ஒரு மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. மல்டிபிள் ஸ்க்ளெரோசிஸ் உள்ளவர்களின் நடையை மேம்படுத்துவதற்கென்றே வந்த முதல் மருந்து. ஃபாம்ப்ரிடின் என்பார்கள், அமெரிக்காவில் டால்ஃபாம்ப்ரிடின். உறை போன நரம்பில் பொட்டாசியம் கசிவதை அடைத்து, செய்தி கொஞ்சம் வேகமாகப் போக வைக்கிறது. இதைச் சோதித்தது எப்படி? 25 அடி, அதாவது ஏழரை மீட்டருக்குக் கொஞ்சம் மேலே, நேர்கோட்டில் எவ்வளவு வேகமாக நடக்கிறார் என்று பார்த்தார்கள். முதல் பெரிய சோதனையில் மருந்து எடுத்தவர்களில் 35 சதவீதம் பேருக்கும், வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 8 சதவீதம் பேருக்கும் வேகம் கூடியது. பலன் கிடைத்தவர்களுக்குச் சராசரியாகக் கால் பங்கு வேகம் அதிகம். சின்ன விஷயம் இல்லை, சந்தோஷப்பட வேண்டியதுதான்.

ஆனால் அந்த மருந்தின் பக்க விளைவுப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். தூக்கமின்மை, தலைசுற்றல், தலைவலி என்று போகிற வரிசையில் "சமநிலைக் குறைபாடு" என்று ஒரு வரி வருகிறது. நடையை மேம்படுத்தும் மருந்தில்! எல்லோருக்கும் வருவதில்லை, சிலருக்கு மட்டும்தான். இருந்தாலும் யோசிக்க வேண்டிய விஷயம். 25 அடியை நேராக வேகமாகக் கடக்கிறவரை, திரும்பும் இடத்தில் தள்ளாடினாலும், அந்தப் பரிசோதனை வெற்றி என்றே எழுதும். திரும்புவதை அது கேட்கவே இல்லையே.

சரி, வெளிநாட்டுக்காரனைத் திட்டியது போதும். நம் ஊரில் என்ன நிலைமை?

2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஊனங்களின் பட்டியலை 21 ஆக்கியது. அதில் மல்டிபிள் ஸ்க்ளெரோசிஸ் பெயரும் உண்டு. நாள்பட்ட நரம்பியல் நோய்கள் என்ற தலைப்பில் பார்க்கின்சனோடு சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். 1985-லிருந்து இந்த நோயாளிகளுக்காக இயங்கும் மல்டிபிள் ஸ்க்ளெரோசிஸ் சொசைட்டி ஆஃப் இந்தியா போன்ற அமைப்புகளுக்கு அது பெரிய வெற்றி. பெயர் வந்தது. அதற்குப் பிறகு சட்டத்தின் 34-ஆம் பிரிவைப் புரட்டுங்கள். அரசு வேலையில் 4 சதவீத இடஒதுக்கீடு யார் யாருக்கு என்று அங்கே எழுதியிருக்கிறது. பார்வைக் குறைபாடு உண்டு. காது கேளாமை உண்டு. இயக்கக் குறைபாடு உண்டு, அதற்குள் பெருமூளை வாதம், தொழுநோயிலிருந்து குணமானவர்கள், குள்ளத்தன்மை, ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்கள், தசைச் சிதைவு நோய் எல்லாம் பெயர் சொல்லி உண்டு. ஆட்டிசமும் மனநோயும் உண்டு. மல்டிபிள் ஸ்க்ளெரோசிஸ் இல்லை. ஊனம் என்று ஒப்புக்கொள்ளும் பட்டியலில் இருக்கிறது, வேலை கொடுக்கும் பட்டியலில் இல்லை. கல்யாணப் பத்திரிகையில் பெயர் போட்டுவிட்டுப் பந்தியில் இலை போடாத மாதிரி.

கை கால் நன்றாகவே விழுந்துபோனால், இயக்கக் குறைபாடு என்ற கதவு வழியாக நுழையப் பார்க்கலாம். அதற்கும் 40 சதவீதம் என்ற கோடு இருக்கிறது. ஆக, தள்ளாடுகிறவர் இன்னும் மோசமாகும்வரை காத்திருக்க வேண்டும். வேலைக்கு வயது வரம்பு காத்திருக்காது.

சான்றிதழ் விஷயத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஊனத்தின் அளவு மாற வாய்ப்பு இருந்தால் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் சான்றிதழ் தரலாம் என்கிறது விதி. இந்த நோயில் சுமார் 85 சதவீதம் பேருக்கு ஆரம்பத்தில் தாக்குதல் வரும், குறையும், மறுபடி வரும். மாறுவதுதான் நோயே. அப்படியென்றால் தள்ளாடிக்கொண்டே திரும்பத் திரும்பப் போய் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

எந்த மாதத்தில் போய் நிற்பது? அதுவும் கேள்விதான். உடம்புச் சூடு கொஞ்சம் கூடினாலே உறை போன நரம்பில் செய்தி இன்னும் தடைபடும். 1890-ல் ஜெர்மனியில் ஊதாஃப் கவனித்துச் சொன்னது. ஒரு காலத்தில் இந்த நோயைக் கண்டுபிடிக்க நோயாளியைச் சுடுதண்ணீர்த் தொட்டியில் உட்கார வைத்துப் பார்ப்பார்களாம்! சூடு தணிந்தால் பழைய நிலைக்கு வந்துவிடும். ஆகவே டிசம்பரில், ஏசி அறையில், காலை ஒன்பதரைக்குப் பார்த்தால் ஒரு நடை. மே மாதம், வேலூர் வெயிலில், பஸ்ஸிலிருந்து இறங்கி ஆஸ்பத்திரி மூன்றாவது மாடிக்கு ஏறி வந்த பிறகு பார்த்தால் இன்னொரு நடை. இரண்டும் அதே ஆள்தான். எந்த நடைக்குச் சதவீதம் போடுவார்கள்?

நடைபாதையைப் பற்றி விரிவாகப் பேச வேண்டியதில்லை, எல்லோரும் பார்க்கிறோம். பாதி இடத்தில் சிமெண்ட் பலகை பெயர்ந்து கிடக்கும், மீதி இடத்தில் பைக் நிற்கும். நல்ல கால் உள்ளவர்களே பார்த்துத்தான் வைக்க வேண்டும். பாதத்திலிருந்து செய்தி வராதவர் குனிந்து தரையையே பார்த்து நடக்க வேண்டும், அப்படி நடந்தால் எதிரே வரும் வண்டி தெரியாது. பிரிட்டன்காரனின் இருபது மீட்டர் அநியாயம்தான், ஆனால் அவன் ஊர் இருபது மீட்டரும் நம் ஊர் இருபது மீட்டரும் ஒன்றில்லை.

செய்ய வேண்டியது ராக்கெட் விடுவது இல்லை. 34-ஆம் பிரிவின் பட்டியலில் இரண்டு வார்த்தை சேர்க்க வேண்டும். சான்றிதழ் கொடுக்கும் இடத்தில் ஒரு நாற்காலி போட்டு, மூன்று மீட்டர் தள்ளித் தரையில் சாக்பீஸில் ஒரு கோடு கிழித்து, எழுந்து போய்த் திரும்பி வந்து உட்காரச் சொல்ல வேண்டும். திரும்பும்போது பார்க்க வேண்டும். கண்ணை மூடி நிற்கச் சொல்ல வேண்டும். கடைசியாக எப்போது விழுந்தீர்கள், எங்கே விழுந்தீர்கள் என்று கேட்டு, அந்தப் பதிலுக்கு ஃபாரத்தில் ஒரு கட்டம் ஒதுக்க வேண்டும்.